ஜன்னலுக்கு எதிர்ச் சுவர்

தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில்தான் சுந்தரராமன் அமீனா பீயை முதன்முதலாகப் பார்த்தார். மேடையில் நடப்பதைச் சாப்பாட்டுக் கூடத்தில் இருப்பவர்களும் பார்க்கட்டும் என்று பெரிய திரையில் காட்டிக்கொண்டிருந்தாள். மேசைமேல் ஒரு கனமான பெட்டி. அதன் முகப்பில் வரிசையாக மூன்று கண்ணாடிக் கண்கள். ஒன்றிலிருந்து சிவப்பு, ஒன்றிலிருந்து பச்சை, ஒன்றிலிருந்து நீலம். மூன்று ஒளியும் தனித்தனியாகக் கிளம்பிப் போய், எதிரே திரையில் ஒரே மணமகளாகத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தன. சுந்தரராமன் தங்கை பெண்ணின் கல்யாணத்தை மறந்துவிட்டு அரை மணி நேரம் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"இதை ஆத்துல வெச்சுக்க முடியுமாம்மா?"

"வெச்சுக்கலாம் சார். எடம் கரெக்டா அமையணும். ரூம் நல்லா இருட்டா இருக்கணும். அவ்ளோதான்."

மூன்று மாதம் கழித்து, 1997 பிப்ரவரியில், அவரிடமிருந்து டெலிபோன் வந்தது. ஒரு ஹோட்டலில் வேண்டாம் என்று கழித்த, அதேபோன்ற புரொஜக்டர் மிஷினை வாங்கிவிட்டாராம். நாலு பேர் தூக்கி மாடியில் வைத்துவிட்டார்களாம். வந்து பொருத்தித் தர முடியுமா என்று கேட்டார்.

அமீனா பீ மீர்சாகிப்பேட்டையில் தன் அக்கா கமர் ஜஹான் வீட்டில் இருந்தாள். நாற்பதை நெருங்கும் வயது. அவள் கணவர் வீடியோ கடை வைத்திருந்தார். துபாய்க்குப் போனார். முதல் வருஷம் கடிதம் வந்தது, இரண்டாம் வருஷம் குறைந்தது, அப்புறம் நின்றது. கடையில் மிச்சமிருந்தது ஒரு புரொஜக்டரும் அதன் கையேடும். கையேட்டில் இருந்த படங்களைப் பார்த்தே அந்த மிஷினைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டாள். ஏழு வருஷமாக அதுதான் பிழைப்பு.

சுந்தரராமன் வீடு கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில் மாடியில் இருந்தது. அமீனா பீ ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தாள். கூடம் நீளமாக, பதினாறு அடிக்குக் குறையாமல் இருந்தது. கிழக்குச் சுவரில் தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். பழைய மரக் கதவுகள் இறுக்கமாகச் சாத்தியிருந்தன. பட்டப்பகலில் ட்யூப் லைட் எரிந்துகொண்டிருந்தது.

அவள் மிஷினைத் தொடவில்லை. நாற்காலிகளைப் பார்த்தாள்.

"யாரு எங்க உக்காருவீங்க சார்?"

"எங்க வேணாலும் உக்காந்துக்கறோம். நீ முதல்ல மிஷினை வை."

"அப்படி இல்ல சார். உக்கார்ற எடம் தெரிஞ்சாதான் திரை எங்கன்னு சொல்ல முடியும். திரை எங்கன்னு தெரிஞ்சாதான் மிஷின் எங்கன்னு சொல்ல முடியும். வீட்ல அம்மா எங்க உக்காருவாங்க?"

சுந்தரராமன் உள்ளறைப் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவளுக்காகத்தான் இதெல்லாம். வெள்ளிக்கிழமை தவறாம லஸ்ல மேட்னி பாக்கறவ. பதினாலு மாசமா மாடியை விட்டு எறங்கலை. தியேட்டருக்கு அவ வரலைன்னா, தியேட்டரை ஆத்துக்குக் கொண்டு வந்துட்டா என்னன்னு..."

பாதியில் நிறுத்திவிட்டார். உள்ளறை வாசலில் அவர் மனைவி வைதேகி நின்றிருந்தாள். ஒல்லியான, உயரமான அம்மாள். கழுத்தின் இடது பக்கம் காதுக்குக் கீழிருந்து தோள்வரை ஒரு வெளிறிய தழும்பு ஓடியது. அமீனா பீ அதைப் பார்த்துவிட்டு உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அந்த வருஷங்களில் பட்டணத்துப் பெண்களுக்கு அந்தத் தழும்பை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பைக்கில் இரண்டு பேர் வருவார்கள். பின்னால் இருப்பவன் கை நீட்டுவான். செயின் சீக்கிரம் அறுந்தால் பிழைத்தோம், அறாவிட்டால் தெருவில் இழுபட வேண்டும்.

"நான் அந்த மூலைலதான் உக்காருவேன்" என்றாள் வைதேகி. அவள் காட்டிய பிரம்பு நாற்காலி ஜன்னலிலிருந்து விலகிக் கூடத்தின் கோடியில் இருந்தது.

அமீனா பீ சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வடக்குச் சுவரில் சமையலறைக் கதவு. தெற்கில் பூஜை அலமாரியும் பீரோவும். கிழக்கில் ஜன்னல். மிச்சம் இருந்தது ஜன்னலுக்கு எதிரே இருந்த மேற்குச் சுவர் ஒன்றுதான். ஜன்னல் வெளிச்சம் நேராகத் திரையில் விழும். வேறு வழியில்லை, ஜன்னலை அடைக்க வேண்டியதுதான்.

"மாமி, உங்க சேரைக் கொஞ்சம் நடுவுக்குத் தள்ளிக்கலாமா? ஓரத்துல இருந்து பாத்தா படம் மங்கலா தெரியும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிகினு தான் உக்காரப் போறீங்க. ஜன்னலையும் நான் மொத்தமா அடைச்சிடப் போறேன்."

வைதேகி கொஞ்சம் யோசித்தாள். நாற்காலி நடுவுக்கு வந்தது. அமீனா பீ பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்து, ஒரு முனையை வைதேகியின் புருவத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னாள். மறுமுனையைச் சுவர்வரை இழுத்துப்போய்க் கண் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டாள்.

"திரையோட நடு உங்க கண்ணுக்கு மேல போகக் கூடாது மாமி. போச்சுன்னா கழுத்தைத் தூக்கிகினே பாக்கணும். வலிக்கும்."

கழுத்து என்ற வார்த்தையைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வைதேகி நூலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். "இன்னும் ஒரு அங்குலம் கீழே இருக்கட்டும்" என்றாள்.

மிஷினை விட்டத்தில் தொங்கவிட வேண்டும் என்பது சுந்தரராமனின் ஆசை. ஹோட்டலில் அப்படித்தான் தொங்கியதாம்.

"நடுவுல ஃபேன் கீதே சார். படம் ஓடச்சொல்ல கதாநாயகன் மூஞ்சில றெக்கை சுத்திகினு இருக்கும்."

"ஃபேனை நிறுத்திட்டுப் பாக்கலாமே."

"மெட்ராஸ்ல ஃபேனை நிறுத்திட்டா?" என்றாள் வைதேகி. அன்று அவள் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்புபோல ஏதோ வந்து போனது.

ஆகவே மிஷின் ஒரு தாழ்வான மரப்பலகை மேல், திரையிலிருந்து ஒன்பதரை அடி தள்ளி உட்கார்ந்தது. ஆறடி அகலத் திரை மேற்குச் சுவரில் ஏறியது. மிஷின் சூடேற அரை மணி நேரம் ஆகும். அதுவரை காபி குடித்தார்கள். பிறகு அமீனா பீ ட்யூப் லைட்டை அணைத்துவிட்டுத் திரையில் வெறும் கட்டங்களை வரவழைத்தாள். கட்டம் என்று சொன்னாலும் அது மூன்று கட்டம். சிவப்புக் கோடுகள் ஒரு பக்கம், நீலக் கோடுகள் ஒரு பக்கம், பச்சை நடுவில். ஒன்றின்மேல் ஒன்று சரிந்து, மூன்று கொடிகள் சிக்கிக்கொண்டதுபோல இருந்தது.

"ஐயையோ, கெட்டுப் போச்சா?" என்றார் சுந்தரராமன்.

"பச்சையை ஆட்டாதேங்கோ" என்றாள் வைதேகி நாற்காலியிலிருந்து. "பச்சையை நிலையா வெச்சுண்டு செகப்பைக் கொண்டு வாங்கோ. அப்புறமா நீலம்."

அமீனா பீ திரும்பிப் பார்த்தாள். கையேட்டிலும் அதேதான் எழுதியிருந்தது.

"உங்களுக்கு எப்படி மாமி தெரியும்?"

"காலண்டர் பிரஸ்ல இருபத்தெட்டு வருஷம் இருந்தேன். கலர் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரலைன்னா அம்பாளுக்கு ரெண்டு மூக்குத்தி வந்துடும். அதைப் பிடிக்கறதுதான் என் வேலை."

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்துதான் செய்தார்கள். அமீனா பீ மிஷினுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து சின்னச் சின்னத் திருகுகளைத் திருப்பினாள். வைதேகி அங்கிருந்தே சொன்னாள். வலது மேல் மூலையில் சிவப்பு வெளியே நிற்கிறது. ஒரு மயிரிழை. இன்னும் ஒரு மயிரிழை. இப்போது நீலம் கீழே தொங்குகிறது. ஒரு மணி நேரம் போயிருக்கும். கடைசிக் கோடும் போய்ச் சேர்ந்தபோது நிறங்கள் மூன்றும் காணாமல் போய், திரை முழுக்க வெள்ளைவெளேரென்று மெல்லிய கோடுகள் மட்டும் நின்றன. வைதேகி அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் படம் போட்டபோது அவள் பத்து நிமிஷம்தான் உட்கார்ந்தாள். ஜன்னல் இடுக்குகளிலிருந்து வெளிச்சம் திரையில் கோடு கோடாக விழுந்து முகங்களை வெளிறச் செய்தது. "நன்னாதான் இருக்கு" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். சுந்தரராமன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு வந்து ஜன்னலை அடைச்சுர்றேன் சார். அப்புறம் பாருங்க" என்றாள் அமீனா பீ. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மறுநாள் மூன்று மணிக்குக் கறுப்புக் காகிதமும் பசையும் கொண்டுவந்தாள். சுந்தரராமன் காபிப்பொடி அரைத்து வரக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஜன்னல் கதவுகளின் நடு இடுக்கு, கீல் பக்கத்து இடுக்கு, மேலே வளைவில் இருந்த கண்ணாடி, ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு துண்டு ஒட்டும்போதும் கூடத்தில் ஒரு பங்கு பகல் குறைந்தது. கடைசித் துண்டை அழுத்திவிட்டுத் திரும்பியபோது அவள் கையே அவளுக்குத் தெரியவில்லை.

"மாமி, வந்து பாருங்க. தியேட்டர் மாதிரி கீது."

வைதேகி தடவிக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அமீனா பீ மிஷின் இருந்த இடத்தை நோக்கிக் கையை நீட்டி நடந்தாள்.

"ஏற்கெனவே போட்டுட்டியா?" என்றாள் வைதேகி.

"இன்னா மாமி?"

"திரைல ஏதோ ஓடறதே."

மிஷின் அணைந்துதான் இருந்தது. ஆனால் திரையில் ஏதோ இருந்தது. முதலில் ஈரச்சுவரில் பூத்த பாசிபோல ஒரு பச்சை. பிறகு ஒரு மஞ்சள். கண் இருட்டுக்குப் பழகப் பழக ஒவ்வொன்றாக மேலெழுந்து வந்தது. திரையின் அடியில் நீலம் குளம்போலத் தேங்கியிருந்தது. அந்த நீலத்துக்குள் ஒரு தென்னை தலைகுப்புற மட்டைகளை விட்டு ஆடிக்கொண்டிருந்தது. மேல் விளிம்பில் பழுப்பாக ஒரு பட்டை. அதிலிருந்து ஒரு வீடு கீழ்நோக்கித் தொங்கியது. அதன் மொட்டை மாடிக் கொடியில் புடவைகள் மேல்நோக்கிப் படபடத்தன. ஒரு சைக்கிள் திரையின் உச்சியில், சக்கரம் மேலே, ஆள் கீழே என்று ஊர்ந்து போனது. அதே கணம் அவர்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து அதன் மணிச் சத்தம் கேட்டது.

ஏழு வருஷம் வெளிச்சத்தோடு பழகிய அமீனா பீ இப்படி ஒன்றைக் கண்டதில்லை. ஜன்னலிடம் போய்த் தடவினாள். வலது கதவில் பழைய தாழ்ப்பாளின் திருகாணி கழன்று விழுந்த ஓட்டை ஒன்று, சுண்டுவிரல்கூட நுழையாத ஓட்டை, காகிதத்துக்குத் தப்பியிருந்தது. விரலால் பொத்தினாள். திரை இருண்டது. விரலை எடுத்தாள். தென்னை திரும்ப ஆடியது.

"தெரு மாமி. உங்க தெரு. இந்த ஓட்டை வழியா உள்ள வந்துகினு கீது. ஒரு நிமிஷம், அடைச்சுர்றேன்."

"வேண்டாம்" என்றாள் வைதேகி.

நாற்காலியின் கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டாள். ஆனால் நாற்காலியை விட்டு அவள் எழவில்லை. தலைகீழ்த் தெருவில் பள்ளிக்கூட ரிக்‌ஷா ஒன்று குழந்தைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு போனது. மாடு ஒன்று உச்சியில் ஆணியடித்ததுபோல நின்று வாலைச் சுழற்றியது. எதிர்ச்சாரியில் இஸ்திரி வண்டிக்காரர் கனகராஜ் பெட்டியை வீசி வீசிக் கனலை ஊதினார். திரையில் அந்தப் புகை கீழ்நோக்கி இறங்கி நீலத்தில் கரைந்தது.

"கனகராஜ் நரைச்சுப் போயிட்டான்" என்றாள் வைதேகி மெதுவாக.

"நேரா பாக்கணும்னா ஒரு கண்ணாடி வெச்சு ஏதாச்சும் பண்ணிப் பாக்கறேன் மாமி."

"வேண்டாம்மா. தலைகீழாவே இருக்கட்டும். நேரா இருந்தா எனக்குப் பயமா இருக்கும்."

ஐந்து மணி சுமாருக்கு வெயில் எதிர் வீடுகளின் மேல் ஏறிக்கொண்டே போய் விலகியது. படம் மங்கி, சாம்பலாகி, கரைந்து போனது. இருவரும் அதற்கப்புறமும் சற்று நேரம் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

வேலை முடிந்துவிட்டது. அமீனா பீ இனி வரத் தேவையில்லை. ஆனாலும் அடுத்த நாள் மூன்று மணிக்கு வந்தாள். பிஸ்கட் டப்பா மூடி ஒன்றை வெட்டி, அதில் மூன்று அளவில் துளை போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அதைத் திருகாணி ஓட்டைக்கு முன்னால் நகர்த்தி நகர்த்திக் காட்டினாள். சின்னத் துளையில் தெரு ஊசியால் வரைந்ததுபோலக் கூர்மையாக இருந்தது, ஆனால் அந்தி இருட்டு. பெரிய துளையில் வெளிச்சம் இருந்தது, முகங்கள் பஞ்சாகிவிட்டன. வைதேகி நடுத்துளையைத் தேர்ந்தெடுத்தாள்.

"பிரஸ்லயும் இப்படித்தான். ரொம்பக் கூர்மையா வேணும்னு கேட்டா மை ஏறாது."

அதற்கடுத்த நாள் திரையைச் சுவரிலிருந்து கழற்றி, இரண்டு துணி ஸ்டாண்டுகளுக்கு நடுவே கட்டி, ஜன்னல் பக்கம் நகர்த்திப் பார்த்தார்கள். கிட்டே கொண்டுவரக் கொண்டுவரத் தெரு சின்னதாகி, ஆனால் பளிச்சென்று ஆனது. எட்டடியில் புடவைகளின் நிறம்கூடத் தெரிந்தது. பிரம்பு நாற்காலியும் அதோடு நகர்ந்து வந்தது. ஜன்னலுக்கும் வைதேகிக்கும் நடுவே இப்போது ஒரு கை நீளத்துக்குமேல் இல்லை. அதை இருவருமே கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"இவ்வளவு பெரிய மிஷினை வாங்கி வெச்சிருக்கேன். ரெண்டு பேரும் ஓட்டையைப் பாத்துண்டு உக்காந்திருக்கேளே!" என்றார் சுந்தரராமன். ஆனால் குரலில் கோபம் இல்லை. அடுக்களையில் அவரே காபி கலந்து கொண்டுவந்து இருட்டில் தடவித் தடவிக் கொடுத்தார். பிறகு தினமும்போல மூன்றரைக்குக் குடையை எடுத்துக்கொண்டு லைப்ரரிக்குக் கிளம்பினார்.

வைதேகி ஆட்களை நடையை வைத்தே கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டாள். தலைகீழாக நடந்தாலும் நடை மாறுவதில்லை. இவள் மூன்றாம் வீட்டு மாளவிகா, பாட்டு கிளாஸுக்குப் போகிறாள். இது தபால்காரர், இடது காலைச் சாய்த்து வைப்பார். இந்தப் பச்சைப் புடவை யார், புதிதாகக் குடிவந்தவளா? அமீனா பீ தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் மண்டபங்களில் மிஷினுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறாள். சிவப்பு விலகுகிறதா, நீலம் தொங்குகிறதா என்றே பார்த்துப் பழகிவிட்டது. படத்தில் இருப்பவர்களை அவள் பார்த்ததே இல்லை. இங்கே திருப்ப ஒரு திருகும் இல்லை. வெறுமனே உட்கார்ந்து பார்க்கலாம். சில நாள் அப்படியே கண் சொக்கிப்போகும். விழிக்கும்போது திரையில் மேகம் ஒன்று கீழ் விளிம்போரமாக மிதந்து போய்க்கொண்டிருக்கும்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, வைதேகி, "அது அவர்தானே?" என்றாள்.

வெள்ளை வேட்டியும் கறுப்புக் குடையும் தெருவைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போயின. விளக்குக் கம்பத்துக்கும் கனகராஜின் வண்டிக்கும் நடுவில் நின்றன. அசையவில்லை. ஆட்டோ ஒன்று விலகிப் போனது. ஒரு மாடு சுற்றிக்கொண்டு போனது. அந்த வேட்டி அப்படியே நின்றது. பிறகு குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல ஏதோ செய்துவிட்டு நடந்துபோனது.

"யாருக்கோ காத்துக்கினு இருந்தாரு போல" என்றாள் அமீனா பீ.

மறுநாளும் அந்த இடத்தில் வேட்டி நின்றது. அதற்கு மறுநாளும்.

மூன்றாம் நாள் சுந்தரராமன் லைப்ரரியிலிருந்து திரும்பி வந்தபோது கூடம் இன்னும் இருட்டாகத்தான் இருந்தது. அமீனா பீ பையை எடுத்துக்கொண்டு கிளம்ப எழுந்தாள். "இருங்கோ" என்றாள் வைதேகி. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. இருவரும் நின்றார்கள்.

"தெனம் ஏன் அங்க போய் நிக்கறேள்?"

"எங்க?"

"கனகராஜ் வண்டி பக்கத்துல. நான் விழுந்த எடத்துல."

சுந்தரராமன் குடையை மூலையில் சாய்த்தார். அது சரிந்து விழுந்தது. எடுக்கவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார். பிறகு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு அங்கதான் நின்னிருக்கணும் நான். நிக்கலை. அவனைத் தொரத்திண்டு ஓடினேன். கோடி வரைக்கும் ஓடினேன். அறுபது வயசுல பைக்கைப் பிடிச்சுடலாம்னு ஓடினேன், வைதேகி. திரும்பி வரச்சே உன்னைக் கனகராஜ் தூக்கி உக்கார வெச்சிருந்தான். தண்ணி குடுத்துண்டிருந்தான்."

"எனக்கு வண்டில வந்தவா மூஞ்சி ஞாபகமில்லை" என்றாள் வைதேகி. "உங்க முதுகுதான் ஞாபகமிருக்கு. நான் கூப்பிடறேன், நீங்க போயிண்டே இருக்கேள். கண்ணை மூடினா அதான் வரது. ஜன்னல் கிட்டப் போனாலும் அதான்."

"நீ சொல்லவே இல்லையே."

"என்னன்னு சொல்றது? செயின் போறதேன்னு ஓடினேள். தப்பா?"

அவர் குனிந்து குடையை எடுத்தார். பிறகு உள்ளே போய்விட்டார். அமீனா பீ படியிறங்கினாள். கீழே வந்ததும் எதிர்ச்சாரியைப் பார்த்தாள். விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் தார் கொஞ்சம் பெயர்ந்திருந்தது. வேறு ஒன்றுமில்லை.

மறுநாள் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே போனாள். வைதேகி நாற்காலியில் இருந்தாள். சுந்தரராமன் மூன்றரைக்குக் கிளம்பிவிட்டிருந்தார். திரையில் தெரு வழக்கம்போல வெயிலில் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளை வேட்டி வந்தது. அதே இடத்தில் நின்றது. ஆனால் இன்று குனியவில்லை, தெருக்கோடியைப் பார்க்கவில்லை. இந்தப் பக்கம் திரும்பியது. குடையை மடக்கிக்கொண்டு, முகத்தை நிமிர்த்தி, நேராக மாடி ஜன்னலைப் பார்த்தபடி நின்றது. அவ்வளவு சின்ன உருவத்தில் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அது முகம். முதுகு இல்லை.

ஐந்து நிமிஷம் இருக்கும். நிற்கிறார். கனகராஜ் ஏதோ கேட்கிறார், இவர் தலையை ஆட்டுகிறார். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொள்கிறார். பார்வையை எடுக்கவில்லை. மூடிய மரக்கதவுக்குப் பின்னால் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாளா இல்லையா என்று அவருக்குத் தெரியாது என்பது வைதேகிக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

எழுந்தாள்.

"மாமி, தொறந்தா படம் போயிடும்" என்றாள் அமீனா பீ.

வைதேகி காகிதத்தைக் கிழித்தாள். தாழ்ப்பாள் பதினாலு மாசத் துருவில் இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் அடித்துத் தள்ளினாள். கதவு திறந்து, பகல் மொத்தமாக உள்ளே வந்து விழுந்தது. திரை வெறும் வெள்ளைத் துணியானது. அமீனா பீ கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏன்னா!" என்று வைதேகி கூப்பிடுவது கேட்டது. "வெயில்ல என்ன வேண்டிக் கெடக்கு? மேல வாங்கோ!"

கண் திறந்தபோது அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அமீனா பீ போய்ப் பக்கத்தில் நின்றாள். கீழே சுந்தரராமன் மேலே பார்த்தபடியே தெருவைக் கடக்க, ஆட்டோக்காரர் ஒருவர், "யோவ் பெரீவரே, ரோட்டைப் பாத்து நட" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

அன்று வைதேகி படியிறங்கவில்லை. மறுநாள் பாதிப் படி இறங்கித் திரும்பிவிட்டாள். அதற்கடுத்த திங்கட்கிழமை சுந்தரராமனின் கையைப் பிடித்துக்கொண்டு இஸ்திரி வண்டிவரை போனாள். கனகராஜ் பெட்டியை வைத்துவிட்டு, "வாம்மா, இன்னாம்மா இப்படி எளைச்சுப் போயிட்ட" என்றார். போய் வந்ததும் ஒரு மணி நேரம் படுத்துக்கொண்டாள். மோட்டார் பைக் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப் போடுவது அப்படியேதான் இருந்தது. அது போகவே இல்லை என்று பின்னால் அமீனா பீயிடம் சொன்னாள்.

கிழிந்த காகிதத்தைத் திரும்ப ஒட்ட வைதேகி விடவில்லை. திறக்கவும் வேண்டும், படம் போடும்போது மூடவும் வேண்டும் என்றால் கனமான திரைச்சீலைதான் வழி. வெளிச்சம் விடாத கறுப்புத் துணி எங்கே கிடைக்கும் என்று அமீனா பீக்குத்தான் தெரியும். நிறம் சரியா என்று வைதேகிதான் சொல்ல வேண்டும். சுந்தரராமன், "நானும் வரட்டுமா?" என்றார்.

"நீங்க திரையைச் சுவத்துல பழையபடி மாட்டி வையுங்கோ. பென்சில் கோடு இருக்கு" என்றாள் வைதேகி.

கூட்டமில்லாத காலை நேரமாகப் பார்த்துப் பெண்கள் இருவரும் தி. நகர் பஸ்ஸில் ஏறினார்கள். வைதேகி முந்தானையால் கழுத்தைச் சுற்றி மூடிக்கொண்டு, அமீனா பீயின் முழங்கையை வழி முழுக்க விடாமல் பிடித்திருந்தாள். பனகல் பார்க் பக்கம் இறங்கியபோது பிடி இன்னும் இறுகியது. ஜனங்கள் நேராக, மிக வேகமாக, மிகப் பக்கத்தில் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் ஒரு பூக்கடை ஓரமாக நின்றார்கள். அப்புறம் நடந்தார்கள்.

துணிக்கடையில் விற்பனைக்காரர் நாலு சுருள் கறுப்புத் துணியைப் பிரித்துப் போட்டார். எல்லாமே ஒரே நயம் என்றார். வைதேகி அவர் சொன்னதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றையும் வாசல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். மூன்றை ஒதுக்கினாள். நான்காவதை இரண்டு மடிப்பாக மடித்துத் தன் தலைமேல் போட்டு, முகம் முழுக்க மூடிக்கொண்டாள். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா மாமி தெரியுது?" என்று அமீனா பீ குனிந்து கேட்டாள்.

"ஒண்ணுமே தெரியலைம்மா. நல்ல துணி" என்றாள் வைதேகி உள்ளேயிருந்து. சிரிப்பது குரலில் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் படம் போட்டார்கள். இரண்டரை மணி நேரம் ஓடியது. வைதேகி நாற்காலியை விட்டு எழவில்லை.